"எங்கட வாப்பா செய்றது பாவமா, சேர்?"



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். லொறி வைத்திருப்பவர்களும் தோட்டம் செய்பவர்களும் கட்டாயம் வாசிக்க வேண்டும். நான் பிழையாக எழுதியிருந்தால் திருத்துங்கள்.

போன வாரம் தரம் 10 பிள்ளைகளுக்கு சுவட்டு எரிபொருள் பற்றிப் படிப்பித்தேன். நிலக்கரி, பெற்றோல், டீசல் எரிந்தால் காபனீரொட்சைட்டு வரும், பூமி சூடாகும், கடல் உயரும். எங்கள் ஊர் கடலுக்கும் களப்புக்கும் நடுவில் கிடக்கிற ஒரு மணல் நாக்கு. கடல் உயர்வது எங்களுக்குப் புத்தகத்து விடயம் இல்லை என்று கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பினான். அதிகம் பேசாத பிள்ளை. "சேர், அப்ப எங்கட வாப்பா செய்றது பாவமா?" என்று கேட்டான்.

அவனுடைய வாப்பாவுக்கு லொறி. ஆலங்குடா, ஏத்தாளைப் பக்கத் தோட்டங்களில் பீற்றூட், வெங்காயம், மிளகாய் ஏற்றிக் கொண்டு இரவோடு இரவாக பேலியகொட மொத்தச் சந்தைக்குப் போகிறவர். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். பையன் சிரிக்கவில்லை. எனக்கு உடனே பதில் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன் மகன்" என்று சமாளித்துவிட்டேன். இருபது வருடமாகப் படிப்பிக்கிறேன், இப்படி மாட்டிக்கொண்டது குறைவு.

அன்று அஸருக்குப் பிறகு அந்த நானாவைத் தேடிப் போனேன். தோட்டத்து ஓரத்தில் வேப்ப மரத்தடியில் லொறி நின்றது. பீற்றூட் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. பையன் வீட்டில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நான்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சேர், நீங்க சொல்லிக் குடுக்கிறது சரி. எனக்கும் அந்தப் புகை மணம் விருப்பமில்ல. ஆனா நான் என்ன செய்ற? டீசல் இல்லாம இந்த மூட்டைய கொழும்புக்கு யார் கொண்டு போற?"

அந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. அதனால் இருவரும் மூட்டை மேலேயே உட்கார்ந்து, என் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை. 1990 ஒக்டோபர் கடைசியில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அப்போது அவருக்கு ஏழு வயது. வாப்பா தோட்டங்களில் கூலிக்கு நின்றார். இவர் பதினைந்து வயதில் லொறியில் உதவியாளாக ஏறினார். சொந்த லொறி வாங்க நாற்பது வயது நெருங்கிவிட்டது. அதுவும் ஜப்பானில் ஓடிக் கழிந்த பழைய லொறி, லீசிங்கில். அந்த லொறியில் அவருடைய வீடு, இரண்டு பிள்ளைகளின் படிப்பு, தாயின் மருந்து எல்லாம் ஏறியிருக்கிறது.

இனி கணக்கு. ஆலங்குடாவிலிருந்து பேலியகொட ஏறத்தாழ 150 கிலோமீற்றர். போய் வர 300. சுமையோடும் சுமை இல்லாமலும் சராசரி பார்த்தால் லீற்றருக்கு 5 கிலோமீற்றர் ஓடும் என்றார். அப்படியென்றால் ஒரு நடைக்கு 60 லீற்றர்.

2022 யாருக்கும் மறந்திருக்காது. அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபாய். ஜூன் கடைசியில் 460. அவருடைய ஒரு நடைச் செலவு 7,260 ரூபாயிலிருந்து 27,600 ரூபாயாக ஏறியது. அதுவும் டீசல் கிடைத்தால்தானே. ஜூன் 28 முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அறிவித்தார்கள். பிறகுதான் கியூஆர் வந்தது. அவர் மூன்று இரவு வரிசையில் லொறிக்குள்ளேயே படுத்திருக்கிறார். நான்காம் நாள் டீசல் கிடைத்துத் தோட்டத்துக்குப் போனால், ஏற்ற வேண்டிய பீற்றூட் அழுகி ஈ மொய்த்துக் கிடந்ததாம். தோட்டக்காரர் ஒன்றும் பேசாமல் மண்வெட்டியால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தார் என்றார். அதே நேரம் கொழும்பில் மரக்கறி வாங்க முடியாத விலை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ஆனபோது எங்கள் மீனவர்கள் வள்ளத்தைக் கரையில் இழுத்துப் போட்டது தனிக் கதை.

அந்த நாட்களில் பாடசாலையும் மூடிக் கிடந்தது. நான் வீட்டில் இருந்து "இந்த டீசலை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து" என்று யோசித்தேன். அவர் வரிசையில் இருந்து "இந்த டீசல் இல்லாவிட்டால் நான் இல்லை" என்று யோசித்திருக்கிறார். இரண்டும் உண்மைதான்.

சரி, மின்சார லொறிக்கு மாறினால் என்ன? கார் மாறுகிறதே. 2025இல் வாகன இறக்குமதி திறந்த பிறகு மின்சாரக் கார்கள் கொழும்பில் எவ்வளவு ஓடுகின்றன என்று பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரிலும் சிலர் கிணற்று மோட்டரை சோலாருக்கு மாற்றியிருக்கிறார்கள். மோட்டர் ஒரே இடத்தில் நிற்கும், பகலில் வேலை செய்யும், எவ்வளவு பாரமாக இருந்தாலும் பரவாயில்லை. லொறிக்கு அப்படியில்லை.

ஒரு லீற்றர் டீசலுக்குள் ஏறத்தாழ 10 யூனிட் சக்தி இருக்கிறது. எஞ்சின் அதில் பாதிக்கு மேல் சூடாகவும் புகையாகவும் வீணாக்கிவிடும். அப்படி வீணாக்கியும் மிஞ்சுவது பெரிது. 60 லீற்றருக்குப் பதிலாக, வீண் குறைந்த மின்சார மோட்டருக்குக்கூட 250 யூனிட் அளவு பற்றரி வேண்டும். 60 லீற்றர் டீசலின் பாரம் 50 கிலோ சொச்சம். 250 யூனிட் பற்றரியின் பாரம் ஒன்றரை தொன். எஞ்சினைக் கழற்றுவதால் கொஞ்சம் குறையும், ஆனாலும் நான்கு, ஐந்து தொன் ஏற்றுகிற லொறியில் கால் பங்கு இடத்தைப் பற்றரியே தின்றுவிடும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அது கால் பங்கு வருமானம்.

"அப்ப பீற்றூட்டுக்குப் பதிலா பற்றரிய கொண்டு போய் விக்கிறதா?" என்று சிரித்தார்.

அடுத்தது சார்ஜ். வீட்டுக்கு வருகிற சாதாரண 30 அம்பியர் இணைப்பு ஏழு கிலோவாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. 250 யூனிட் ஏற்ற ஒன்றரை நாள் பிடிக்கும். அவருக்கு இருப்பதோ பகலில் ஐந்து மணித்தியாலம். அதற்குள் ஏற்ற வேண்டுமென்றால் 50 கிலோவாட் வேண்டும், அதாவது ஏழு வீட்டு இணைப்புகளை ஒன்றாகச் சேர்த்து முழுமூச்சாக இழுப்பது போல. எங்கள் ஒழுங்கை டிரான்ஸ்போமரில் இரவு நான்கு வீட்டில் ஏசி போட்டாலே மின்விசிறி மெதுவாகிறது.

மூன்றாவது காசு. எங்கள் ஊரில் யாரும் புது லொறி வாங்குவதில்லை. மற்ற நாட்டில் பத்துப் பதினைந்து வருடம் ஓடியதுதான் இங்கே "புது" லொறி. 2020 முதல் ஐந்து வருடம் இறக்குமதியும் நின்றதால் பழையதின் விலையும் ஏறிவிட்டது. சீனாவில் மின்சார லொறிகள் வேகமாக விற்பனையாகின்றன, உண்மை. அவை பழையதாகி எங்கள் கைக்கு வரும்போது பற்றரி தளர்ந்திருக்கும். பழைய டீசல் எஞ்சினை பாலாவியில் பிரித்துப் போட்டுச் செய்ய ஆள் இருக்கிறார். பற்றரியைப் பிரிக்க யார் இருக்கிறார்?

இவ்வளவு எழுதியதும் நான் பேனையை மூடிவிட்டேன். அவர்தான் தூரத்தைக் காட்டி, "சேர், முந்தி காலத்துல எப்படிக் கொண்டு போனாங்க?" என்றார். அவர் காட்டிய பக்கம் இரண்டு கழுதைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

நல்ல கேள்விதான். அந்தக் கழுதைகள் அரபு வணிகர்கள் பாரம் சுமக்கக் கொண்டு வந்தவை என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது வேலை இல்லாமல் ரோட்டில் திரிகின்றன. 1344இல் இப்னு பதூதா புத்தளத்துக் கரையில் கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததையும், சோழமண்டலக் கரையிலிருந்தும் மலபாரிலிருந்தும் ஆட்கள் கப்பலில் வந்து ஏற்றிக்கொண்டு போனதையும் எழுதியிருக்கிறார். காற்றுதான் எஞ்சின். பிறகு ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வெட்டிய கால்வாய் புத்தளத்திலிருந்து களப்புகளைத் தொட்டுக்கொண்டு கொழும்பு வரை போனது. உப்பு, கொப்பரா, கருவாடு எல்லாம் தட்டைப் படகில் தடி ஊன்றியும் கயிறு கட்டி இழுத்தும் போயின. ஒரு சொட்டு எண்ணெய் எரியவில்லை.

ஆனால் பட்டியலைப் பாருங்கள். கறுவா, உப்பு, கொப்பரா, கருவாடு. எல்லாம் காத்திருக்கக்கூடிய சரக்கு. கச்சான் காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் மாதக்கணக்கில் கரையில் கிடந்தாலும் கெடாது. பீற்றூட் அப்படிக் காத்திருக்காது. எங்கள் மணலில் கிணறு வெட்டி, மோட்டர் போட்டு, கொழும்புச் சந்தையை நம்பி மரக்கறி செய்யத் தொடங்கியதே லொறி வந்ததால்தான். டீசலை எடுத்தால் லொறி மட்டும் நிற்காது, தோட்டமும் நின்றுவிடும்.

ரயில்? புத்தளத்துக்கு 1926இலேயே ரயில் வந்துவிட்டது. ஒரே சுமையை ரயிலில் கொண்டு போனால் லொறியை விட மிகக் குறைந்த எரிபொருள் போதும். அறுவாக்காட்டிலிருந்து சுண்ணக்கல் புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ரயிலில்தான் வந்தது. ஆனால் கல்லுக்கு அவசரமில்லை. எங்கள் பீற்றூட் தோட்டத்தில் லொறியில் ஏறி, பாலாவிக்குப் போய், இறங்கி, ரயிலில் ஏறி, கொழும்பில் இறங்கி, மறுபடி லொறியில் ஏறி, பேலியகொடவில் இறங்க வேண்டும். ஒவ்வொரு ஏற்றி இறக்கலுக்கும் கூலி, ஒவ்வொன்றிலும் அடிபட்டு நசுங்கும். அந்த ரயிலும் இங்கே டீசலில்தான் ஓடுகிறது. பக்கத்து இந்தியாவில் அகல ரயில் பாதை ஏறக்குறைய முழுவதும் மின்சாரமாகிவிட்டது. நம் நாட்டில் ஒரு பாதைகூட இன்னும் ஆகவில்லை.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு பக்கம் நுரைச்சோலைப் புகைபோக்கி தெரியும், இன்னொரு பக்கம் காற்றாலைகள். 900 மெகாவாட் நிலக்கரி மின்சாரம் இங்கேதான் உற்பத்தியாகிறது. மாம்புரியில் 2010இலிருந்து காற்றாலை சுற்றுகிறது. நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கிற ஊர், ஆனால் ஒரு மூட்டை வெங்காயத்தை மின்சாரத்தில் நகர்த்த எங்களால் முடியவில்லை. அந்த நிலக்கரியும் வெளிநாட்டிலிருந்து எண்ணெய் எரிக்கிற கப்பலில்தான் வருகிறது. உலகக் கடலில் போகிற சரக்கில், பாரத்தைப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்த நிலக்கரியும் எண்ணெயும் வாயுவும்தான். எரிபொருளைச் சுமக்கவே அவ்வளவு எரிபொருள்.

அப்போதுதான் இன்னொரு கணக்கு மனதில் வந்தது. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ அளவு காபனீரொட்சைட்டு வெளியாகும். 60 லீற்றருக்கு சுமார் 160 கிலோ. நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ. லொறிக்குத் தேவையான 250 யூனிட்டும் நிலக்கரியிலிருந்தே வந்தால் 250 கிலோ. அதாவது நிலக்கரி மின்சாரத்தில் ஓடுகிற லொறி, டீசல் லொறியை விட அதிகமாகப் பூமியைச் சூடாக்கும்! புகைக்குழாய் அவருடைய லொறியிலிருந்து நுரைச்சோலைக்கு இடம் மாறும், அவ்வளவுதான். நீர், காற்று, வெயில் கலந்த மின்சாரம் என்றால் கணக்கு வேறு. மின்சார லொறி நல்லதா கெட்டதா என்பது அது எந்த நேரத்தில் சார்ஜ் ஆகிறது என்பதில் தங்கியிருக்கிறது.

இதைச் சொன்னதும் நானா ஒரு விடயம் சொன்னார். எனக்கு அது தோன்றவே இல்லை. "என்ட லொறி பகல்லதானே சேர் சும்மா நிக்கிது?"

யோசித்துப் பாருங்கள். அவர் இஷாவுக்குப் பிறகு புறப்படுகிறார். நடுச்சாமம் தாண்டிச் சந்தையில் இறக்குகிறார். காலையில் திரும்பி, பதினொரு மணிக்குள் வீடு. அதிலிருந்து அஸர் வரை அவர் தூங்க, லொறி இதே வேப்ப மரத்தடியில் நிற்கிறது. வெயில் கொளுத்துகிற நேரம் அதுதான். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் என்ன நடந்தது? மின்சாரத் தேவை குறைந்துவிட்டது, வெயில் மின்சாரம் கூடிவிட்டது என்று கூரைச் சோலார் வைத்திருப்பவர்களிடம் பகலில் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். அதே வருடம் பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் இருண்டபோதும், அப்படியான ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் தேவை குறைந்து சோலார் கூடியிருந்ததைப் பற்றித்தான் பேசினார்கள், குரங்கின் கதையோடு சேர்த்து. ஒரு பக்கம் வேண்டாம் என்று நிறுத்தப்படுகிற வெயில் மின்சாரம். இன்னொரு பக்கம் அதே நேரத்தில் சும்மா நிற்கிற மரக்கறி லொறிகள்.

உடனே நடந்துவிடாது. ஒரு லொறியின் ஒரு நாள் தேவையை வெயிலில் எடுக்க 3,000 சதுர அடிக் கூரையாவது வேண்டும். ஆனால் மரக்கறி சேர்க்கிற இடத்தில் ஒரு பொதுக் கூரை, அதற்கு ஒரு பலமான இணைப்பு என்றால், அது தனி மனிதனால் முடியாவிட்டாலும் ஒரு ஊரால் முடியாத காரியமா? பேலியகொடவில் இறக்குகிற நேரத்திலும் சார்ஜ் ஏற்ற வசதி வந்தால் பற்றரி பாதியாகக் குறையும், பாரமும் பாதியாகும். அப்போது இந்தக் கணக்கு இவ்வளவு கசக்காது.

அதுவரை என்ன செய்யலாம் என்றும் பேசினோம். இவை பெரும்பாலும் அவர் சொன்னவை:

பாதிச் சுமையோடு இரண்டு லொறி போவதை விட, தோட்டக்காரர்கள் பேசி ஒரு லொறியை நிரப்பினால் ஒரு நடை டீசல் மிச்சம். திரும்பி வருகிற லொறிகளில் பாதி வெறும் பெட்டியோடுதான் வருகின்றன. எங்கள் கடைக்காரர்கள் கொழும்பில் வாங்குகிற சாமானை இவற்றிலேயே போட்டால் இரண்டு பேருக்கும் லாபம். ஒரு வட்ஸ்அப் குழு போதும்.

மின்சாரத்தைத் தொடங்குவதென்றால் குறுகிய ஓட்டத்தில் தொடங்க வேண்டும். தோட்டத்திலிருந்து சேர்க்கிற இடத்துக்கு, ஐஸ் தொழிற்சாலையிலிருந்து மீன் இறங்குதுறைக்கு, மொத்தக் கடையிலிருந்து சில்லறைக் கடைக்கு. ஐந்து பத்து கிலோமீற்றர், இரவில் வீட்டுக்கு வந்துவிடும். சின்னப் பற்றரி போதும், மூன்று சக்கர வண்டியே போதும். கொழும்பு ஓட்டம் கடைசியில் மாறட்டும்.

இன்னொன்றை நான் சேர்க்கிறேன். மாறுகிற செலவை லொறிக்காரர் தலையில் மட்டும் கட்டக் கூடாது. அந்த பீற்றூட்டைத் தின்கிறவர், விற்கிறவர், விளைவிக்கிறவர் எல்லோருக்கும் அந்த 160 கிலோவில் பங்கு இருக்கிறது. பாடம் படிப்பித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகிற எனக்கும்தான்.

மஃரிப் பாங்கு சொல்லும்போது எழும்பினோம். "மகனுக்கு நீங்களே சொல்லுங்க சேர், நான் சொன்னா கேக்க மாட்டான்" என்றார். அப்படிச் சொல்லும்போது முகம் கொஞ்சம் வாடியிருந்தது. பிள்ளை தன்னைப் பற்றி அப்படி நினைத்துவிட்டானே என்ற வருத்தம் அவருக்கு இருக்கத்தான் செய்தது.

அடுத்த நாள் வகுப்பில் அந்தக் கொப்பியின் பின்பக்கத்தை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். கணக்கை அவனையே செய்யச் சொன்னேன். கடைசியில் அவனுக்குச் சொன்னேன்: "உங்கட வாப்பா செய்றது பாவம் இல்ல மகன், ஹலாலான உழைப்பு. 2022இல நாங்க சாப்பிட்டது இவங்க வரிசையில தூங்கினதாலதான். ஆனா அந்தப் புகைக்கு ஒரு கணக்கு இருக்கு. இந்தப் பூமி எங்கட கையில உள்ள அமானிதம். அந்தக் கணக்க வாப்பா தனியா தீர்க்க ஏலாது, அவர்ட பிழையுமில்ல. நாங்க எல்லாரும் சேர்ந்து தீர்க்கணும். நேற்று பாடத்தில இத நான் சொல்லாம விட்டது என்ட பிழை."

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சேர், 250 யூனிட்டுக்கு எங்கட பாடசாலைக் கூரை போதுமா?" என்றான்.

இன்டர்வலில் நாலைந்து பேர் அடிமட்டம், கயிறு எல்லாம் கொண்டு போய் மண்டபத்தை அளந்தார்கள். நீளம் அகலம் குறித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். போதாது, கொஞ்சம் குறைகிறது. பக்கத்துக் கட்டடத்தையும் சேர்த்தால் சரிவரும் என்கிறார்கள்.

விவசாய சங்கத்து ஆட்கள், பள்ளி நிருவாகிகள், பிரதேச சபை உறுப்பினர்கள், மின்சார வேலை தெரிந்த தம்பிமார் இந்தப் பதிவைப் பார்த்தால், அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். திரும்பி வருகிற லொறிகளுக்கான வட்ஸ்அப் குழுவை முதலில் தொடங்குவோம். அதற்குக் காசு தேவையில்லை. அந்த நானாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அன்று இரவு ஓட்டம் இல்லாவிட்டால்.

வஸ்ஸலாம்.